தண்ணீரில் புரையேறுகிறது, இட்லி தொண்டையில் நிற்கிறது: கழுத்தெலும்பு ஆபரேஷனுக்குப் பின்

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. சர்க்கரை நோய் உண்டு. கை மரத்துப்போய், பிடித்த பொருளெல்லாம் நழுவ ஆரம்பித்ததால் 24 நாட்களுக்கு முன்பு கழுத்தின் முன்பக்கமாக ஆபரேஷன் செய்து, சி5–சி6, சி6–சி7 இரண்டு இடத்திலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு பிளேட் வைத்தார்கள். கை இப்போது நன்றாக இருக்கிறது. ஆனால் இட்லி தொண்டையிலேயே நிற்கிறது என்கிறார். தண்ணீர் குடித்தால் நாலு வாய்க்கு ஒருமுறை புரையேறுகிறது. குரலும் கம்மிவிட்டது. 62 கிலோ இருந்தவர் 58 ஆகிவிட்டார். "போகப்போகச் சரியாகிவிடும்" என்கிறார் சர்ஜன். கஞ்சித் தண்ணியும் ரசமும் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள் உறவினர்கள். படுத்துக்கொண்டு தலையைத் தூக்கும் பயிற்சி ஒன்றை யூடியூபில் பார்த்தேன், செய்யச் சொல்லலாமா? மாத்திரைகளைப் பொடி செய்து கொடுக்கலாமா? அடுத்த மாதம் தம்பி கல்யாணம், பந்தியில் உட்காருவாரா? — வாசகி, திருச்சி

பதில்: சர்ஜன் சொன்னதில் தவறில்லை. இட்லி நிற்பதை மட்டும் எழுதியிருந்தீர்கள் என்றால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். முன்பக்கமாகக் கழுத்து ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் முதல் வாரங்களில் விழுங்கச் சிரமப்படாதவர்கள்தான் குறைவு என்று சொல்லும் அளவுக்கு இது சகஜம். பெரும்பாலோருக்கு மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் உங்கள் கடிதத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்திருக்கின்றன: கம்மிய குரல், தண்ணீரில் புரையேறுவது, நாலு கிலோ எடை. மூன்றும் சேர்ந்தால் காத்திருக்கக் கூடாது. இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல்நாண்களைக் காட்டுங்கள். அங்கேயே விழுங்கும் சோதனையும் கேளுங்கள். கழுத்தில் ஆபரேஷன் ஆன பிறகு குரல் மாறினால் "ஒரு மாதம் பார்ப்போம்" என்ற வழக்கமான கெடு பொருந்தாது. எடைக் கணக்கும் அப்படித்தான். ஒரு மாதத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது பொது விதி. அம்மாவுக்கு ஆறரை சதவீதம் போயிருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று தெரிந்தால் வீட்டில் எதைச் செய்யலாம், எதைக் கூடாது என்பது தானாகப் புரியும். தொண்டை முடிந்து உணவுக்குழாய் தொடங்குவது ஆறாவது கழுத்தெலும்பின் மட்டத்தில். அதாவது அம்மாவுக்கு பிளேட் வைத்த அதே இடம். எலும்பை எட்டுவதற்காக உணவுக்குழாயையும் மூச்சுக்குழாயையும் கொக்கி மாதிரியான கருவியால் ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்திருப்பார்கள். இரண்டு டிஸ்க் என்றால் அந்த இழுப்பு அதிக நேரம் நீடிக்கும். இதனால் எலும்புக்கு முன்னால் இருக்கும் தசை வீங்கி, உணவு இறங்கும் பாதையைப் பின்னாலிருந்து நெருக்கும். வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு வாரக்கணக்கில் மெல்ல வடியும். இட்லி, சப்பாத்தி, மாத்திரை போன்ற கெட்டிப் பொருள் நிற்பது பெரும்பாலும் இந்த வீக்கத்தால்.

தண்ணீரில் புரையேறுவது வேறு கதை. விழுங்கும் அந்த ஒரு நொடியில் குரல்நாண்கள் இரண்டும் ஒன்றோடு ஒன்று ஒட்டி மூச்சுக்குழாயை அடைக்க வேண்டும். அவற்றை அசைக்கும் நரம்பு மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தில் ஓடுகிறது. வெளியே இழுக்கும் கருவி, உள்ளே மயக்கத்தின்போது மூச்சுக்குழாயில் விட்ட குழாயின் பலூன், இரண்டுக்கும் நடுவில் அது நசுங்கியிருக்கலாம். ஒரு பக்க நாண் சோம்பிவிட்டால் குரல் காற்றாக வரும், இருமலில் வலு இருக்காது, தண்ணீர் மாதிரி வேகமாக ஓடும் பொருள் இடுக்கு வழியே உள்ளே நழுவும். நசுங்கிய நரம்பு பெரும்பாலும் தானாக மீளும். ஆனால் அதற்கு வாரங்கள் அல்ல, ஆறு மாதம் வரையோ சில சமயம் ஒரு வருடமோ ஆகும். அதுவரை நுரையீரலைக் காப்பாற்றுவதுதான் நம் வேலை.

இனி கஞ்சித் தண்ணி. நம் வீடுகளில் உடம்பு சரியில்லாதவர் யாராக இருந்தாலும் முதலில் வருவது கஞ்சித் தண்ணி, ரசம், இளநீர். வயிற்றுக்கு அது இதம்தான். தண்ணீரில் புரையேறும் ஒருவருக்கோ அதுதான் இருப்பதிலேயே கஷ்டமான உணவு. அதைவிட மோசம் ரசம் சாதமும் பால் ஊற்றிய இடியாப்பமும்: வாயில் போட்டதும் நீர் தனியாக முன்னால் ஓடிவிடும், பருக்கை பின்னால் தங்கிவிடும். ஒரே வாயில் இரண்டு வேகம். அம்மாவுக்குக் கெட்டியும் சிக்கல், நீரும் சிக்கல் என்பதால் இப்போதைக்கு நடுவில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் மொத்தமாக வழுக்கி விழ வேண்டும். சொட்டவும் கூடாது, ஒட்டிக்கொண்டு நிற்கவும் கூடாது.

குழைய வேகவைத்த பாசிப்பருப்பும் அரிசியும் கலந்த பொங்கலை மிளகு, முந்திரி, கறிவேப்பிலை இல்லாமல் மசித்து, மேலே ஒரு டீஸ்பூன் நெய் விட்டுக் கொடுக்கலாம். தயிர் சாதத்தைப் பருக்கை தெரியாமல் பிசையுங்கள். மோர் ஊற்றித் தளர்த்த வேண்டாம், தயிரையே கூட்டுங்கள். கடுகு தாளிக்கக் கூடாது. கடுகு சின்னதுதான், ஆனால் வீங்கிய தொண்டையின் பக்கவாட்டுப் பைகளில் போய் உட்கார்ந்துகொண்டு அரை மணி நேரம் இருமவைக்கும். இட்லியே வேண்டும் என்றால், ஆவி பறக்கும் இட்லியைக் கெட்டியான பருப்புத் தண்ணீரில் கட்டியில்லாமல் பிசைந்து கொடுங்கள். ஆறிய இட்லி வேண்டாம். முட்டையைப் பால் சேர்த்து ஆவியில் கட்டவைத்தால் நன்றாக வழுக்கும். பிரெட், புட்டு, அல்வா, வாழைப்பூ, முருங்கைக்காய், கீரைத்தண்டு, மிக்சர், தோசையின் முறுகலான ஓரம் இதெல்லாம் இப்போது இல்லை.

அளவும் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனுக்குப் பின் உடல் தேற, எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்ற கணக்கில் அம்மாவுக்கு நாளைக்கு 70 கிராம் புரதம் தேவை (சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்). ஒரு முட்டையில் 6 கிராம், 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம். வெறும் கஞ்சியில் இதை எட்டவே முடியாது. அரிசிக் கஞ்சி சர்க்கரையை ஏற்றும், சதையைக் காப்பாற்றாது. மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரியுங்கள். ஒரு வேளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் தசை களைத்து, கடைசி வாய்களில்தான் புரையேறும். மிச்சம் இருந்தாலும் நிறுத்திவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத் தொடருங்கள்.

தண்ணீர் கொடுப்பதில் உடனே மாற்ற வேண்டியது ஒன்று இருக்கிறது. அம்மா சொம்பை உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்து குடிப்பவராக இருந்தால் அதை இன்றோடு நிறுத்துங்கள். தலை பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் திறந்துகொள்கிறது, தண்ணீர் அவர் தயாராகும் முன்பே தொண்டையில் விழுகிறது, புதிதாகப் பொருத்திய எலும்புக்கும் அது நல்லதில்லை. எச்சில் பார்க்கும் வீடாக இருந்தால் அவருக்கென்று தனி டம்ளர் வையுங்கள். டம்ளரில் குடித்தாலும் அடி வண்டல் வரை போகும்போது மூக்கில் விளிம்பு இடித்து, தலை தானாக நிமிரும். காகிதக் கோப்பையின் ஒரு பக்க விளிம்பில், மூக்கு வரும் இடத்தில் அரைவட்டமாக வெட்டிவிடுங்கள். வெட்டாத பக்கம் உதட்டில் இருக்கட்டும். இப்போது தலையைத் தூக்காமலே கடைசிச் சொட்டு வரை குடிக்கலாம்.

சோதனை முடியும் வரை ஒரு வாய்க்கு ஒரு டீஸ்பூன், அதாவது 5 மில்லி, போதும். ஸ்ட்ரா வேண்டாம், உறிஞ்சும்போது எவ்வளவு வருகிறது என்பது கட்டுப்பாட்டில் இருக்காது. நாற்காலியில் நேராக உட்கார்ந்து, பாதம் தரையில் பட, டிவியை அணைத்துவிட்டு: ஒரு வாய், ஒருமுறை விழுங்க, வெறும் வாயில் இன்னொரு முறை விழுங்க, பிறகு "ஆ" என்று சொல்லச் சொல்லுங்கள். குரலில் தண்ணீர் கொதிப்பது போன்ற களகளப்புக் கேட்டால் நாண்களின் மேல் ஏதோ தேங்கியிருக்கிறது. இருமி, மறுபடி விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். இருமல் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதி அடையாதீர்கள். தொண்டையின் உணர்வு நரம்பும் மந்தமாகியிருந்தால் தண்ணீர் சத்தமே இல்லாமல் உள்ளே போகும். புரையேறும்போது தலையில் தட்டும் பழக்கம் இந்தக் கழுத்துக்கு ஆகாது. முதுகில் ஓங்கி அடிப்பதும் வேண்டாம். இடுப்பிலிருந்து லேசாக முன்னால் சாய்ந்து அவரே இருமட்டும்.

தண்ணீரைக் கெட்டியாக்கும் பவுடரைப் பற்றி யாராவது சொல்வார்கள். சோதனை செய்யாமல் அதை நீங்களே தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. நாண் மூடாதவருக்கு அது உதவும். வீக்கத்தால் உணவு தேங்குகிறவருக்கு அதே கெட்டித் தண்ணீர் தொண்டையில் பூசிக்கொண்டு நிற்கும். அம்மாவுக்கு இரண்டும் இருக்கலாம். விழுங்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்ட் கெட்டியாக்கச் சொன்னால், எந்த அளவு என்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் அளக்க ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்ச் போதும். பூஜ்யத்திலிருந்து 10 வரை உள்ள கோட்டின் நீளம் ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். குட்டையான சிரிஞ்சில் கணக்கு தப்பும். உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிட்டு, முனையை விரலால் அடைத்து, 10 வரை ஊற்றி, விரலை எடுத்துப் பத்து நொடி ஓடவிட்டு மறுபடி அடையுங்கள். மிச்சம் 1 மில்லிக்குக் கீழே என்றால் அது வெறும் தண்ணீர்தான். 1 முதல் 4 வரை லேசான கெட்டி, 4 முதல் 8 வரை நடுத்தரக் கெட்டிக்கு ஒரு படி கீழே, 8க்கு மேல் நடுத்தரக் கெட்டி. கேழ்வரகுக் கூழும் சோளமாவுக் கரைசலும் ஆற ஆற இறுகும். ஆகவே குடிக்கும் சூட்டில் அளக்க வேண்டும். இன்னொன்று: மாவால் கெட்டியான எதிலும் வாயில் வைத்த கரண்டியை மறுபடி போட்டால், எச்சிலில் இருக்கும் நொதி மாவை உடைத்துப் பத்து நிமிடத்தில் அதை நீர்க்கச் செய்துவிடும். மேலே நன்றாக இருந்தது, அடியில் வந்ததும் புரையேறியது என்பார்கள். இதுதான் காரணம். தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுங்கள்.

மாத்திரை விஷயத்தில் "பொடி செய்யலாமா" என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அட்டையில் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., இ.ஆர்., சி.ஆர். என்று ஏதாவது இருந்தால் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரே அடியாக இறங்கும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் சாதாரண வகையிலும் வரும், எஸ்.ஆர். வகையிலும் வரும், எது என்று பாருங்கள். அமிலத்துக்கான பான்டோபிரசோல் மாத்திரையையும் பொடிக்கக் கூடாது, வயிற்று அமிலத்திலேயே கெட்டுப்போகும். இரும்புச் சத்து மாத்திரை, டாக்சிசைக்ளின், வலி மாத்திரைகள் இவை உணவுக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும் என்பதால் படுக்கப் போகும்போது கொடுக்காதீர்கள். மொத்தப் பட்டியலையும் மருந்தாளுநரிடம் காட்டி, எதெல்லாம் சிரப்பாகக் கிடைக்கும் என்று கேளுங்கள். பொடிக்கலாம் என்றவற்றை ஒரு டீஸ்பூன் தயிரில் குழைத்துக் கொடுங்கள், தண்ணீரில் வேண்டாம்.

பலர் கோட்டைவிடும் இடம் இது: அம்மா பாதிச் சாப்பாடுதான் சாப்பிடுகிறார், ஆனால் சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரை என்றால் தாழ்சர்க்கரை வந்துவிடும். இன்றே அவருடைய சர்க்கரை மருத்துவருக்குப் போன் செய்து, சாப்பாடு குறைந்ததைச் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, சர்க்கரை 70க்குக் கீழே இருந்தால் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவைக்காதீர்கள். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கொஞ்சம் நீரில் பசையாகக் குழைத்து, நினைவோடு இருக்கும்போது மட்டும், நுனிக் கரண்டியாகக் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் கூடாது, 108ஐக் கூப்பிடுங்கள்.

கழுத்துக்குப் போடும் காலர் பற்றி நீங்கள் எழுதவில்லை. போட்டிருந்தால், தாடையைத் தாங்கும் கடினமான வகை தாடையை மேலே தூக்கி, குரல்வளை மேலெழும்புவதையும் தடுக்கும். விழுங்கும்போது குரல்வளை மேலே வந்தால்தான் உணவுக்குழாயின் வாய் திறக்கும். சாப்பிடும் நேரம் மட்டும் முன்பக்கத்தைத் தளர்த்தலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள். நீங்களாகக் கழற்ற வேண்டாம்.

யூடியூப் பயிற்சி கூடவே கூடாது. படுத்தபடி தலையைத் தூக்கிக் கால்விரலைப் பார்ப்பது நல்ல பயிற்சிதான். உணவுக்குழாயின் மேல்வாய் சரியாகத் திறக்காத முதியவர்களுக்காக வந்தது, பக்கவாத நோயாளிகளுக்கும் சொல்லித்தருகிறோம். அதில் கழுத்தின் முன்தசை தலையின் முழு எடையையும் தூக்குகிறது. எலும்பு இன்னும் ஒட்டாத, ஸ்க்ரூ பிடித்துக்கொண்டிருக்கும் கழுத்தில் அதைச் செய்யக் கூடாது. தாடைக்கடியில் பந்தை வைத்து அமுக்குவதும் அதே ரகம். எக்ஸ்ரேயில் எலும்பு ஒட்டுவதைப் பார்த்துவிட்டு சர்ஜன் சம்மதித்தால் பிறகு யோசிக்கலாம். "தாடையைக் குனிந்து விழுங்கு", "பக்கம் திரும்பி விழுங்கு" என்ற யோசனைகளும் சோதனையில் பார்த்துச் சொல்ல வேண்டியவை. இப்போது தைரியமாகச் செய்யக்கூடியது ஒன்று: கழுத்தை அசைக்காமல், நாக்கை மேலண்ணத்தில் அழுத்தி, பெரிய மாத்திரையை விழுங்குவது போல எச்சிலை முழு பலத்தோடு விழுங்குவது. பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. வாய் காய்ந்திருந்தால் நனைத்துக்கொண்டு செய்யட்டும். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

பல் துலக்குவதை அலட்சியப்படுத்தாதீர்கள். உள்ளே போகும் தண்ணீரைவிட அதோடு போகும் வாய்க் கிருமிகள்தான் நிமோனியாவை உண்டாக்குகின்றன. காலையும் இரவும் பல், நாக்கு, பல்செட் இருந்தால் அதுவும். சாப்பிட்டதும் படுக்கக் கூடாது, ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கட்டும்.

சோதனைக்குப் போகும்போது ஆபரேஷன் குறிப்பு, சமீபத்திய கழுத்து எக்ஸ்ரே, வாரம் ஒருமுறை எடுத்த எடை, மாத்திரை அட்டைகள் இவற்றோடு அம்மாவுக்கு நிற்கும் இட்லியையும் ஒரு டப்பாவில் எடுத்துப்போங்கள். மூக்கு வழியாக மெல்லிய காமிராவை விட்டு, நாண்கள் அசைவதையும், வண்ணம் கலந்த தண்ணீரும் அந்த இட்லியும் எங்கே தேங்குகின்றன என்பதையும் நேரில் பார்ப்பார்கள். பத்து நிமிட வேலை, மயக்க மருந்து வேண்டாம். பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பது இன்னொரு வழி. உணவுக்குழாயின் வாய் எவ்வளவு திறக்கிறது, பிளேட் இடிக்கிறதா என்பது அதில்தான் தெளிவாகத் தெரியும். பயிற்சி தருகிறவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற ஸ்பீச் தெரபிஸ்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நாண் அசையவில்லை என்று தெரிந்தால் பயப்பட வேண்டாம். நரம்பு மீளும்வரை நாணைத் தடிக்கவைக்கும் ஊசி இருக்கிறது, புரையேறுவதும் குரலும் அதில் சேர்ந்தே தேறும். அதுவரை கிசுகிசுவென்று பேசுவதும் வேண்டாம், கத்துவதும் வேண்டாம், இயல்பாகப் பேசட்டும்.

கல்யாணத்துக்குத் தாராளமாக வரட்டும். பந்தியில் வேண்டாம். பேச்சு, அவசரம், பாயசம், ரசம், இவ்வளவும் ஒரே இலையில் இருக்கும் இடம் அது. முன்பே வீட்டுச் சாப்பாட்டை அமைதியாக முடித்துக்கொண்டு மண்டபத்துக்குப் போகலாம். சோதனை முடிவு நன்றாக வந்தால் தெரபிஸ்டைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை அப்பாயின்ட்மென்ட் என்று காத்திருக்கக் கூடாத நிலைகளும் உண்டு. கழுத்தின் முன்பக்கம் திடீரென வீங்குவது, மூச்சை இழுக்கும்போது சத்தம் கேட்பது, படுக்க முடியாமல் தவிப்பது என்றால் நேராக 108. காய்ச்சலோடு விழுங்கும்போது கடும் வலி, கழுத்துத் தோலை அமுக்கினால் நறநறவென்று காற்று நெரிவது, தையல் வழியே எச்சிலோ சீழோ கசிவது இவை உணவுக்குழாயில் ஓட்டை விழுந்ததற்கான அறிகுறிகள். வாய்வழி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கு அதே நாளில் போங்கள். சொந்த எச்சிலையே விழுங்க முடியாமல் துப்புவது, காய்ச்சலோடு சளியும் மூச்சு வாங்குதலும், கை கால் புதிதாக வலுவிழப்பது இவற்றுக்கும் அதே அவசரம். எல்லாம் சரியாகிப் பல மாதம் கழித்து மறுபடி உணவு நிற்க ஆரம்பித்தால், அதை வயசு என்று விட்டுவிடாமல் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். ஸ்க்ரூ தளர்ந்து முன்னால் வந்திருக்கலாம்.